சர்க்கார் சொன்ன விலை

நிலத்தை எடுத்துக்கொண்டு அரசு கொடுக்கும் தொகை போதாது என்றால் கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்த வழியின் முதல் படியிலேயே பலர் சறுக்கிவிடுகிறார்கள்.

நிலம் போய்விட்டது. பணம் வந்திருக்கிறது. அலுவலகத்தில் நீட்டப்படும் ரசீதில் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. தாத்தா காலத்து வயலுக்கு அரசு போட்ட விலை அநியாயம் என்று ஊரே பேசிக்கொண்டாலும், பணத்தைக் கண்ணால் கண்ட பிறகு ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவர்கள் குறைவு. ஆனால் வழக்கின் தலைவிதி பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில்தான் நிர்ணயமாகிறது. 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டவருக்கு மட்டுமே அதிக விலை கேட்கும் உரிமை உண்டு. ஆட்சேபம் தெரிவிக்காமல் பணத்தை வாங்கியவருக்கு அந்தக் கதவு மூடப்படுகிறது. 1894-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் சொன்னது இது. அதற்குப் பதிலாக 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 2013-ஆம் ஆண்டு சட்டமும் இதையேதான் சொல்கிறது. வெள்ளைக்காரன் சட்டத்தில் எத்தனையோ மாறியது, இந்தக் கண்ணி மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்த கண்ணி நாள்கணக்கு. கலெக்டர் நஷ்டஈட்டுத் தீர்வை அறிவித்தபோது நேரில் இருந்தவர் ஆறு வாரத்துக்குள் மனுப் போட வேண்டும். நேரில் இல்லாதவருக்கு, கலெக்டரின் நோட்டீஸ் கிடைத்து ஆறு வாரம் அல்லது தீர்வு வெளியாகி ஆறு மாதம், இவற்றில் எது முதலில் முடிகிறதோ அதுவே கெடு. தக்க காரணம் காட்டினால் மேலும் ஓராண்டு வரை மனுவை ஏற்கலாம் என்று புதிய சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது.

மனு யாரிடம் போகிறது என்பது வேடிக்கையான விஷயம். விலை குறைவு என்று யார் மீது குறையோ, அதே கலெக்டரிடம்தான் போகிறது. அவர் அதைத் தீர்மானிப்பதில்லை, அனுப்பிவைக்கிறார். முன்பெல்லாம் மாவட்டத்தின் சிவில் நீதிமன்றத்துக்கு. இப்போது மாவட்ட நீதிபதியாக இருப்பவரோ இருந்தவரோ, அல்லது குறைந்தது ஏழு ஆண்டு அனுபவமுள்ள தகுதியான வழக்கறிஞரோ தலைமை வகிக்கும் தனி ஆணையத்துக்கு. பழைய சட்டத்தில் மனுவை அனுப்ப கலெக்டருக்குக் கெடு எதுவும் இல்லை. கோப்பு தூசி படிந்து கிடக்கும். புதிய சட்டம் 30 நாள் என்கிறது. அனுப்பாவிட்டால் மனுதாரர் நேரே ஆணையத்திடம் முறையிடலாம். ஆணையம் ஆறு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு.

இத்தனை சிரமப்பட்டுக் கேட்பது எவ்வளவு பணத்துக்காக? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏக்கருக்குச் சந்தை மதிப்பு 20 லட்சம் என்று கலெக்டர் முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிராமப்புற நிலமானால் அதை 1-க்கும் 2-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் 1.5 என்றால் 30 லட்சம். கிணறு, மரங்களுக்கு 2 லட்சம் சேர்த்தால் 32. அதே அளவு ஆறுதல் தொகையும் உண்டு என்பதால் மொத்தம் 64 லட்சம். இப்போது சந்தை மதிப்பு 20 அல்ல, 25 என்று ஆணையம் சொன்னால்? 37.5, கிணற்றோடு 39.5, ஆறுதல் தொகையோடு 79 லட்சம். அடிப்படை விலையில் 5 லட்சம் ஏறினால் கையில் 15 லட்சம் ஏறுகிறது. இதற்கு மேல் சந்தை மதிப்பில் ஆண்டுக்கு 12 சதவிகிதம் கூடுதல். ஆணையம் உயர்த்திக் கொடுக்கும் தொகைக்கு, நிலம் அரசின் கைக்குப் போன நாளிலிருந்து முதல் ஆண்டு 9 சதவிகிதமும் பிறகு 15 சதவிகிதமும் வட்டி. ஆகவே சண்டை முழுவதும் அந்த முதல் எண்ணைப் பற்றித்தான்.

இதைப் பேச்சுவழக்கில் அப்பீல் என்கிறார்கள். உண்மையில் இது அப்பீலே அல்ல. சிமன்லால் ஹர்கோவிந்ததாஸ் என்ற புனே வழக்கில் 1988-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: கலெக்டரின் தீர்வு ஒரு தீர்ப்பல்ல, அரசு முன்வைக்கும் விலை மட்டுமே. கலெக்டர் எங்கே தவறினார் என்று சுட்டிக்காட்டினால் போதாது. நிலத்தின் விலை இதுதான் என்று உரிமையாளரே ஆதியோடந்தமாக நிரூபிக்க வேண்டும். கலெக்டர் பார்த்த ஆவணங்கள்கூட இங்கே மறுபடி சாட்சியமாக வந்தால்தான் கணக்கு. வயிற்றெரிச்சலை மட்டும் சுமந்துகொண்டு வருபவர் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான்.

எப்படி நிரூபிப்பது? விற்கும் கட்டாயம் இல்லாத ஒருவர், வாங்கும் கட்டாயம் இல்லாத ஒருவருக்கு, முதல் அறிவிக்கை வெளியான அன்று என்ன விலைக்கு விற்றிருப்பார் என்று கற்பனை செய்யச் சொல்கிறது சட்டம். நிலத்தை விட மனமே இல்லாதவரிடம் இப்படிக் கேட்பது கொடுமைதான். ஆனால் வேறு அளவுகோல் கிடையாது. அந்தக் கற்பனை மனிதருக்கு உருவம் கொடுப்பவை பக்கத்து நிலங்களின் கிரயப் பத்திரங்கள்.

இங்கேதான் கிராமம் தன் வலையில் தானே சிக்குகிறது. முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க, வாங்கியது 30 லட்சத்துக்கு என்றாலும் பத்திரத்தில் 12 லட்சம் என்று எழுதுவது நாடு முழுவதும் உள்ள வழக்கம். அன்றைக்கு இரு தரப்புக்கும் லாபம். பத்து ஆண்டு கழித்து நெடுஞ்சாலை வரும்போது அதே பத்திரம் எதிர்சாட்சியாக வந்து நிற்கிறது. ரொக்கமாகக் கைமாறியதை எந்த நீதிபதியும் பார்க்க முடியாது. இது தெரிந்துதானோ என்னவோ, புதிய சட்டம் முந்தைய மூன்று ஆண்டுப் பத்திரங்களில் விலை அதிகமுள்ள பாதியை மட்டும் எடுத்துச் சராசரி பார்க்கச் சொல்கிறது. வழிகாட்டி மதிப்பு அதைவிட அதிகமானால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பத்திரம் கிடைத்துவிட்டாலும் விவாதம் முடிவதில்லை. சாலையோரத்து 200 சதுர கஜ மனையின் விலையை உள்ளே இருக்கும் ஐந்து ஏக்கர் வயலுக்கு அப்படியே பொருத்த முடியாது. வயல் மனையாக வேண்டுமானால் சாலை, சாக்கடை, பூங்காவுக்கு இடம் விட வேண்டும். அதற்காக மனை விலையில் 20 முதல் 75 சதவிகிதம் வரை கழிக்கலாம் என்று 2009-ல் லால் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தக் கழிவில்தான் பல வழக்குகள் கரைகின்றன. பத்திரம் சில ஆண்டு பழையது என்றால் ஏற்றமும் உண்டு. குஜராத்தில் ஓ.என்.ஜி.சி.க்காக எடுத்த நிலம் பற்றிய 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, நகரை ஒட்டிய பகுதிக்கு ஆண்டுக்கு 10 முதல் 15 சதவிகிதம் என்றும், கிராமத்துக்கு அதில் பாதி, அதாவது 5 முதல் 7.5 என்றும் பொதுவான அளவு சொன்னது. திட்டம் வருகிறது என்ற செய்தியால் ஏறிய விலை மட்டும் கணக்கில் வராது.

ஆகவே கெட்டிக்காரத்தனம் வாதத்தில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. எடுக்கப்பட்ட நிலமும் பத்திரத்தில் உள்ள நிலமும் எத்தனை தூரம், எது சாலையைத் தொடுகிறது என்று கிராம வரைபடத்தில் குறித்துக் காட்டுபவர் பாதி வழக்கை வென்றுவிடுகிறார். ஹரியானாவில் இதற்கு பட்வாரியின் தயவு வேண்டும். தமிழ்நாட்டில் ஜமாபந்தி என்றால் ஆண்டுதோறும் தாசில்தார் அலுவலகத்தில் நடக்கும் கணக்குச் சரிபார்ப்பு. அங்கே நில உரிமைப் பதிவேட்டுக்கே ஜமாபந்தி என்று பெயர். அதில் பெயர் ஏறாத பங்காளிக்குப் பணமும் இல்லை, வழக்கும் இல்லை.

நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்தவர் கதை வேறு. 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி அவர் போக வேண்டியது மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம். பல இடங்களில் அந்த நடுவர் மாவட்டக் கலெக்டர்தான். தமிழ்நாட்டில் இப்படி எடுக்கப்பட்ட நிலங்களுக்குச் சதுர மீட்டருக்கு 46.55 ரூபாய் முதல் 83.15 ரூபாய் வரை கிடைத்தது. வழிகாட்டி மதிப்பை மட்டும் பார்த்துப் போட்ட விலை அது. நடுவரும் அதையே ஒப்புக்கொண்டார். மாவட்ட நீதிமன்றம் அதை 645 ரூபாயாக உயர்த்தியது. 2021-ல் ஹக்கீம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது விசித்திரமானது: நடுவர் தீர்ப்பை ரத்து செய்யலாம், திருத்தும் அதிகாரம் நீதிமன்றத்துக்குக் கிடையாது. ஆனாலும் அந்த விவசாயிகளுக்குக் கிடைத்த 645 ரூபாயில் கைவைக்க மறுத்துவிட்டது. 2025 ஏப்ரலில் அரசியல் சாசன அமர்வு, குறுகிய வரம்புக்குள் திருத்தலாம் என்று சற்று இடம் கொடுத்திருக்கிறது. நெடுஞ்சாலை நிலத்துக்கு ஆறுதல் தொகையும் வட்டியும் இல்லை என்றிருந்த பாரபட்சத்தை 2019-ல் தர்செம் சிங் வழக்குதான் போக்கியது.

ஆணையத்தின் முடிவும் திருப்தி இல்லை என்றால் 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். இங்கே ஒரு பயம் விவசாயிகளைப் பிடித்து ஆட்டுவதுண்டு. கோர்ட் கட்டணத்துக்குப் பயந்து குறைத்துக் கேட்டுவிட்டோமே, இனி அதற்கு மேல் கிடைக்காதே என்பது அது. கேட்டதைவிட நியாயமான விலை அதிகம் என்றால் அதையே தர வேண்டும், வித்தியாசக் கட்டணத்தைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று 2017-ல் நரேந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பயத்தைப் போக்கியது. கிடைக்கும் தொகையில் வக்கீலுக்குப் பங்கு என்று பேசக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அந்த விதியை எல்லாக் கிராமத்திலும் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

மனுவே போடாமல் இருந்துவிட்டவருக்கும் ஒரு வாசல் உண்டு. ஒரே அறிவிக்கையில் நிலம் போன பக்கத்து வயல்காரர் ஒருவர் வழக்காடி அதிக விலை பெற்றால், மற்றவர்களும் அதே விலையைக் கலெக்டரிடம் கேட்கலாம். 1984-ல் எழுத்தறிவில்லாத ஏழை விவசாயிகளை மனத்தில் வைத்துச் சேர்த்த விதி இது. புதிய சட்டத்திலும் தொடர்கிறது. கெடு மூன்று மாதம், தீர்ப்பின் நகலை வாங்கச் செலவான நாட்கள் நீங்கலாக. நாள் எண்ணத் தொடங்குவது பக்கத்து வயல்காரர் ஊருக்கு வந்து சொன்ன அன்று அல்ல, தீர்ப்பு வந்த அன்று.