கடவுச்சொல்லைக் கணினியே நினைவில் வைத்துக்கொண்டால்?

கியா பார்மிலிருந்து தானா ராத்தாவுக்குப் படிக்கப் போகும் ஒரு மாணவி, பள்ளிக் கணினி அறையில் தன் டெலிமா கணக்கைத் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘கடவுச்சொல்லைச் சேமிக்கவா?’ என்று உலாவி கேட்கிறது. மணி அடிக்கப் போகிறது. ‘சரி’ என்று தட்டிவிட்டு ஓடுகிறாள். அந்த அறையில் எல்லாரும் ஒரே பயனர் பெயரில் கணினியைத் திறப்பவர்கள் என்றால், அடுத்து வந்து உட்காருபவரும் அவளும் உலாவிக்கு ஒருவரே. கணக்கு அவருக்கும் திறக்கும்.

அதே பொத்தானைத் திரைப்பூட்டு போட்ட சொந்தக் கைப்பேசியில் தட்டினால் கதை வேறு. உலாவி கடவுச்சொல்லை இணைய முகவரியோடு சேர்த்தே நினைவில் வைக்கிறது. வங்கிப் பக்கம் போலவே இருக்கும் போலிப் பக்கத்தைக் கண்டு நம் கண் ஏமாறலாம். தள முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உலாவி கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது. இங்கே வசதியே காவலாகவும் நிற்கிறது. எல்லாக் கணக்குக்கும் ஒரே சொல்லை வைக்கும் பழக்கமும் இதனால் ஒழியும். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய லாபம். 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 32 மில்லியன் கடவுச்சொற்கள் களவு போயின. அவை எந்த மறையாக்கமும் இல்லாமல் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தன. அதே சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

சரி, எல்லாச் சொற்களையும் ஒரே பெட்டகத்தில் போட்டு, பெட்டகத்துக்கு மட்டும் ஒரு முதன்மைச் சொல் வைத்தால்? லாஸ்ட்பாஸ் போன்ற சேவைகள் அதைத்தான் செய்கின்றன. 2022-இல் லாஸ்ட்பாஸுக்குள் புகுந்தவர்கள் வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகல்களை அள்ளிச் சென்றதாக, அவ்வாண்டு டிசம்பரில் அந்நிறுவனமே அறிவித்தது. உள்ளே இருந்த கடவுச்சொற்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை. தள முகவரிகள் அப்படி இல்லை. நகல் கைக்குப் போன பிறகு ‘மூன்று முறை தவறினால் கணக்கு முடங்கும்’ என்ற காவல் கிடையாது. திருடன் தன் இடத்தில் உட்கார்ந்து எத்தனை முறை வேண்டுமானாலும் ஊகிக்கலாம்.

அவனைத் தாமதப்படுத்த ஓர் உத்தி உண்டு. முதன்மைச் சொல்லை ஒரே கணக்கில் திறவுகோலாக மாற்றாமல், அதே கணக்கைப் பல்லாயிரம் சுற்று போடவைப்பது. எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளால் ஏறக்குறைய 209 பில்லியன் சொற்கள் அமைக்கலாம். வினாடிக்கு 1 பில்லியன் சுற்று போடும் இயந்திரம் திருடனிடம் இருந்தால், ஊகத்துக்கு ஒரு சுற்று என்ற நிலையில் மூன்றரை நிமிடத்தில் அத்தனையையும் முயன்று முடித்துவிடும். ஊகத்துக்கு 5,000 சுற்று என்றால் 12 நாள் ஆகும். 100,000 சுற்று என்றால் 242 நாள். 2022-இல் லாஸ்ட்பாஸின் வழக்கமான அளவு 100,100 சுற்றாக இருந்தது. சில பழைய கணக்குகள் 5,000 சுற்றிலேயே நின்றிருந்தன.

பின் ஏன் கோடிக்கணக்கில் வைக்கவில்லை? திருடனுக்கு ஆகும் தாமதம் நமக்கும் ஆகும். வீட்டில் அண்ணன் தம்பி மாறி மாறிப் பிடிக்கும் பழைய கைப்பேசியில், பெட்டகம் திறக்க நிமிடக் கணக்கில் காத்திருக்க யாருக்குப் பொறுமை? சொல்லை நீட்டுவது மலிவான வழி. எட்டு எழுத்தைப் பன்னிரண்டாக்கினால், அந்த 12 நாள் ஏறக்குறைய 15,000 ஆண்டாகிறது. எழுத்துகள் தாறுமாறாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஊர்ப்பெயரும் பிறந்த ஆண்டும் திருடனின் பட்டியலில் முதலிலேயே இருக்கும்.

இன்னொரு சிக்கல் மறதி. முதன்மைச் சொல் நிறுவனத்துக்கே தெரியாது என்பதுதான் பெட்டகத்தின் பலம். ஆகவே மறந்துவிட்டால் அவர்களாலும் அதை எடுத்துத் தர முடியாது. அந்த ஒரு சொல்லைத் தாளில் எழுதி வீட்டு அலமாரியில் வைப்பதைப் பலர் கேலி செய்வார்கள். எனக்கு அது தவறாகப் படவில்லை. வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடனால் அந்த அலமாரியைத் திறக்க முடியாது, தம்பியால் முடியும்.