வீட்டிலேயே டைமிங் செயின் மாற்றுதல்

பைக் எஞ்சினில் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றும்போது கேம் தண்டு ஒரே முறை சுற்ற வேண்டும். வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடுவது இந்தக் கணக்கால்தான். அதைப் பிசகாமல் காப்பது டைமிங் செயின்.

மதுரையை அடுத்த திருவாதவூர் போன்ற ஊர்களில் பால் கேனும் புல்லுக்கட்டும் சுமக்கும் வண்டிகளில் ஸ்ப்ளெண்டருக்குத் தனி இடம் உண்டு. 1994இல் வந்த இந்த வண்டியின் 97.2 சிசி எஞ்சினில் செயின் இடதுபுறம் ஓடுகிறது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் கண்ணிகளின் பின்கள் தேய்ந்து செயின் நீளும். ஸ்டார்ட் செய்ததும் இடதுபக்கம் 'கடகட'வென்று கேட்பதே முதல் அறிகுறி. அப்படியே ஓட்டினால் செயின் பல் தாவும், இழுவை போய்விடும்.

செயின் செட் சில நூறு ரூபாய்தான். மேலூரிலோ மதுரையிலோ வாங்கிவிடலாம். கோவையின் எல்.ஜி.பி. நிறுவனம் ரோலான் என்ற பெயரில் செயின்கள் தயாரிக்கிறது. மிச்சம் பிடிக்க வேண்டியது கூலியில். பெயர் தெரியாத மலிவுச் செயினில் அல்ல. ரப்பர் ரோலர்களையும் கேம் பல்சக்கரத்தையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

எஞ்சின் ஆறிய பிறகு ஆயிலை வடித்து, இடதுபக்க மூடியைக் கழற்ற வேண்டும். கிராங்க் தண்டின் முனையிலுள்ள மேக்னெட்டின் 'டி' குறியை எஞ்சின் உடலிலுள்ள குறிக்கு நேராகவும், கேம் பல்சக்கரத்தின் வட்டக் குறியை ஹெட்டின் வெட்டுக்கு நேராகவும் நிறுத்தி, அந்த நிலையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். மேக்னெட்டைக் கழற்றப் புல்லர் தேவை. சுத்தியலால் தட்டினால் கிராங்க் கோணும், காந்தம் விரிசல் விடும். சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரமாகிவிடும். புல்லரை இரவல் வாங்கினாலும் போதும்.

செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்திக் கேம் பல்சக்கரத்தைக் கழற்றும் முன், செயின் இறங்கும் பொந்தைச் சுத்தமான துணியால் அடைப்பது அவசியம். ஒரு போல்ட் உள்ளே விழுந்தால் அரைநாள் போய்விடும். பழைய செயினில் கம்பி கட்டி இறக்கினால், அதே கம்பியால் புதியதை மேலே இழுக்கலாம். கிராங்க் பற்கள் கூராகத் தேய்ந்திருந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். அதைப் பட்டறைக்கு விட்டுவிடலாம்.

மேக்னெட்டைப் பொருத்தும்போது அதன் அரைநிலா வடிவச் சாவி பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். குறிகள் பொருந்தியதும் உடனே கிக்கரை உதைக்கக் கூடாது. மேக்னெட் நட்டில் ஸ்பேனர் வைத்து, சக்கரம் முன்னோக்கி உருளும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். குறிகள் மீண்டும் நேராக வந்தால் டைமிங் சரி. எங்காவது முட்டினால் பலம் காட்டாமல், கழற்றி மறுபடி பொருத்த வேண்டும்.

பிறகு டேப்பெட் இடைவெளியைச் சரிபார்த்து, 10டபிள்யூ30 ஆயில் ஊற்றி, ஐடிலில் ஓடவிட்டுக் கேட்கலாம். சத்தம் அடங்கவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது டென்ஷனரின் ஸ்பிரிங்.