பழைய காரும் புதிய மாணவனும்

யாழ்ப்பாணத் தெருக்களில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை இன்றும் காணலாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர், 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதானபோது, இங்கு இத்தகைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின் சிறிது பெற்றோல் விட்டே எஞ்சினை முதலில் இயக்குவர்.

அண்மையில் யானும் ஒரு மைனரை வாங்கினேன். பௌதிகம் கற்பிப்பவனுக்குக் கார் திருத்துவது பெரிதோ என்ற இறுமாப்பு! ஒருநாள் திருநெல்வேலிச் சந்தியில் அது நின்றுவிட்டது. என் மாணவர் சிலர் பார்த்து நிற்க, காபரேற்றரைக் கழற்றினேன். பூட்டத் தெரியாது விழித்தேன்.

தடைக்காலத்தில் வாடகைக் கார் ஓட்டிய முதியவர் ஒருவர் அருகே வந்து, அதைப் பூட்டித் தந்தார். "தம்பி, இப்ப சாவியைத் திருப்பும். பெற்றோல் பம்பின் 'டிக் டிக்' சத்தம் கேட்குதோ?" என்றார். கேட்கவில்லை. மின்பம்பின் தொடுமுனைகள் கரிபிடித்திருந்தன. துடைத்ததும் ஒலி எழுந்தது, காரும் புறப்பட்டது.

கழற்றுமுன் காதுகொடுத்தல் வேண்டும். மாணவரைத் திருத்தப் புகும் ஆசிரியனுக்கும் இப்பாடம் பொருந்துமன்றோ?