கிட்டார்: அடிக்கும் கையும் அலறும் பெட்டியும்
நான் துணி வியாபாரி. கேட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்கிறேன். கிட்டார் தந்தியை ஓங்கி அடித்தால் ஒலி கூடும். ஆனால் ஆம்ப்ளிஃபயரில் ‘கெயின்’ குமிழை மிகவும் ஏற்றிவிட்டால் ஒலியலையின் உச்சி வெட்டுப்படும். பிறகு எவ்வளவு அடித்தாலும் சத்தம் அதிகம் ஏறாது.

அப்போ கைபலம் வீண்தானா? இல்லை. ஓங்கி அடித்தால் தந்தி இழுபட்டு, சுருதி தொடக்கத்தில் சற்று ஏறும். ‘டக்’கென்ற முதல் ஓசை முன்னே வரும். மெல்ல மீட்டினால் கரகரப்பு குறைந்து ஸ்வரம் தெளியும். மெட்டாலிகா குழுவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ (1986) பாடலில் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் கீழ்நோக்கியே வேகமாக அடிப்பதைக் கேளுங்கள்: அத்தனை இரைச்சலிலும் ஒவ்வோர் அடியும் தனித்து விழும்.

பிள்ளைகள் புதுப் பெட்டி கேட்டால், பணம் எடுக்குமுன் கெயினைப் பாதியாக்கி, மெல்லவும் ஓங்கியும் வாசிக்கச் சொல்லுங்க. வித்தியாசம் காதில் பட்டால் பழைய பெட்டியே போதும்; இனி பழக வேண்டியது கைதான்.