கார் ஏசி ஏன் குளிர்விக்க மறுக்கிறது?

ஊசி போடும் முன் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கும். ஆவியாகும் திரவம் தோலின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதே காரணம். கார் ஏசியும் இப்படித்தான். பல கார்களில் உள்ள ஆர்-134ஏ குளிரூட்டி, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். டாஷ்போர்டுக்குப் பின்னுள்ள சுருளில் அது ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரசர் அதை அழுத்த, முன்பக்கக் கண்டன்சரில் வெப்பத்தை விட்டு மீண்டும் திரவமாகிறது.

இந்தச் சுற்று எங்கே தடைபடுகிறது?

முதல் காரணம் கசிவு. குளிரூட்டியான இந்த கேஸ், பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. குறைந்திருந்தால், ரப்பர் வளையத்திலோ கல் பட்ட கண்டன்சரிலோ கசிவு இருக்கலாம். அதை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான்.

ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் குளிர் குறைந்தால் கண்டன்சர் விசிறியைப் பாருங்கள். சில்லென்ற காற்றே மெதுவாக வந்தால் கேபின் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். கம்ப்ரசர் இயங்கவே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கிளட்ச் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

கசியும் இந்த கேஸ், கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். ஆகவே முதலில் கசிவை அடைத்துவிடுங்கள், பிறகு நிரப்புங்கள்.