ரூ.3,540 மட்கார்டு: மாட்டுறதுக்கு முன்னாடி கணக்கு பார்ப்போம்

அட்வென்ச்சர் பைக் வாங்கின முதல் மூணு மாசத்துல நம்ம பசங்க ஆக்சசரீஸ் வாங்குற வரிசையைக் கவனிச்சிருக்கீங்களா? முதல்ல ஃபாக் லைட். அப்புறம் கிராஷ் கார்டு, டேங்க் பேக், மொபைல் ஹோல்டர். கடைசியா, மழையில ஒரு தடவை வால்பாறையோட 40 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கி, முதுகு முழுக்கச் சேறோட வீட்டுக்கு வந்த பிறகுதான் பின் மட்கார்டு ஞாபகம் வரும். என்னைக் கேட்டா இந்த வரிசையே தலைகீழா இருக்கணும். வண்டியில விலை கூடின ஒரு பாகத்தைக் காப்பாத்துறது இதுதான்.

எந்தப் பாகம்? மோனோஷாக். அதாவது பின் சஸ்பென்ஷன்.

வண்டி முன்னாடி போகும்போது பின் டயர் எப்படிச் சுத்துதுன்னு யோசிங்க. ரோட்டுல இருந்து எடுத்த சேறு டயரோட பின்பக்கமா மேல ஏறுது. ஏறும்போதே கொஞ்சம் பிய்ச்சுக்கிட்டு உங்க முதுகுக்கும் டாப் பாக்ஸுக்கும் போகும். மீதி டயர் உச்சிக்கு வந்ததும் முன்பக்கமா வீசப்படும். அங்கே சீட்டுக்கு அடியில இருக்கிறது ஷாக் அப்சார்பரும் அதோட லிங்கேஜும். ஷாக்கோட ராட் மேல காய்ஞ்ச மண் ஒட்டியிருக்கும்போது சஸ்பென்ஷன் அமுங்கினா, அந்த மண் உப்புத்தாள் மாதிரி ஆயில் சீலைத் தேய்க்கும். லிங்கேஜ் பேரிங்ல தண்ணி இறங்கினா கிரீஸ் போயிடும், அப்புறம் துருதான். புது ஷாக் யூனிட் என்ன விலைன்னு உங்க சர்வீஸ் சென்டர்ல ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் மட்கார்டு விலை பெருசாத் தெரியாது.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. "பின் மட்கார்டு"ங்கிற ஒரே பேர்ல கடையில ரெண்டு வேற வேற பொருள் விற்குது. ஒண்ணு ஹக்கர். இது ஸ்விங் ஆர்ம்ல மாட்டுறது, சக்கரத்தோடவே மேலேயும் கீழேயும் போகும், டயரை ஒட்டி அணைச்ச மாதிரி இருக்கும். ஷாக்கைக் காப்பாத்துறது இதுதான். இன்னொண்ணு எக்ஸ்டெண்டர். ஏற்கெனவே இருக்கிற மட்கார்டை இன்னும் கொஞ்சம் கீழே நீட்டுறது. இது பின்னாடி உட்கார்றவங்க முதுகைக் காப்பாத்தும். ஹக்கர் மாட்டிட்டு "முதுகுல இன்னும் சேறு அடிக்குதே"ன்னு திட்டுறவங்களும் இருக்காங்க, எக்ஸ்டெண்டர் மாட்டிட்டு ஷாக் பத்திரம்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க. எது வேணும்னு முடிவு பண்ணிட்டுக் காசை எடுங்க. தினமும் ஆபீஸ் போற ஆளா இருந்து ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா, நான் ஹக்கருக்குத்தான் ஓட்டுப் போடுவேன். முதுகுக்கு ரெயின்கோட் இருக்கு. ஷாக்குக்கு ஏது?

சரி, விலைக்கு வருவோம். டூவீலர் உதிரி பாகங்களுக்கு முன்னாடி ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து 18 சதவீதம். (அதே நாள்ல 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு 40 சதவீதம் ஆயிடுச்சு, அந்த வயித்தெரிச்சல் தனிக்கதை.) ரூ.3,000 அடிப்படை விலையுள்ள ஹக்கர் முன்னாடி ரூ.3,840, இப்போ ரூ.3,540. பழைய ஸ்டாக்கைப் பழைய விலைக்கே கொடுத்தா பில்லைப் பார்த்துக் கேளுங்க. பில்லுல ஜிஎஸ்டி எண் இல்லாம "பிளஸ் ஜிஎஸ்டி"ன்னு தனியா வாங்கினா கொடுக்காதீங்க. பதிவு பண்ணாதவர் வரி வசூலிக்கவே முடியாது, காம்போசிஷன் டீலரும் வசூலிக்கக் கூடாது. வெளிநாட்டு வெப்சைட்ல வாங்குறதா இருந்தா, அங்கே தெரியுற விலை உங்க விலை இல்லை. சுங்க வரி, ஐஜிஎஸ்டி, கூரியர் கம்பெனியோட கையாளும் கட்டணம் எல்லாத்தையும் கூட்டிட்டு ஒப்பிடுங்க. சொந்த வண்டிக்கு வாங்குற இந்த ஆக்சசரீஸுக்குச் சம்பளக்காரருக்கு வருமான வரியில எந்தக் கழிவும் கிடையாது. அந்த ஆசை வேண்டாம்.

வண்டி வாங்கும்போதே டீலர் "எல்லாத்தையும் லோன்ல போட்டுடலாம் சார், மாசம் ஆயிரத்து சொச்சம்தான் கூடும்"னு சொல்வாரு. என் சித்தி பையன் கோயம்புத்தூர்ல வேலையில சேர்ந்த வருஷம் அப்படி ஒரு லிஸ்ட்டோட எனக்குப் போன் பண்ணினான். மொத்தம் ரூ.40,000. 11 சதவீத வட்டியில 36 மாசத்துக்குப் போட்டா மாசம் சுமார் ரூ.1,310. மொத்தமா கட்டுறது ரூ.47,150 பக்கம் வரும். அதாவது வட்டி மட்டும் ரூ.7,150. அவன் ஆசைப்பட்ட லிஸ்ட்ல ஹக்கரே இல்லைங்கிறதுதான் வேடிக்கை. ஒரு ஹக்கரை அந்த வட்டிக் காசுலேயே ரெண்டு தடவை வாங்கலாம்டான்னு சொன்னேன். லிஸ்ட்டைக் கிழிச்சிட்டு மாசத்துக்கு ஒண்ணா கையில இருந்து வாங்கினான்.

இப்போ மாட்டுற வேலை. வீட்டு வாசல்லேயே செய்யலாம். ஆலன் கீ செட், ஸ்பேனர், நீல நிற திரெட்லாக்கர், ரெண்டு மூணு கேபிள் டை போதும். ஆனா ஒழுங்கா செய்யணும். தளர்ந்த ஹக்கர் ஒண்ணு ஓடுற வண்டியில டயருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவுல சிக்கினா பின் சக்கரம் பூட்டிக்கும். 80 கிலோமீட்டர் வேகத்துல அது நடந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்கெனவே இருக்கிற ஓட்டைகள்லயே மாட்டுற மாதிரி, உங்க மாடலுக்குன்னே செஞ்ச கிட்டா வாங்குங்க. ஸ்விங் ஆர்ம்ல டிரில் போடச் சொல்ற கிட்டைத் தொடவே தொடாதீங்க. எடை தாங்குற பாகம் அது, வாரண்டியும் கேள்விக்குறியாகும். பல வண்டிகள்ல ஸ்விங் ஆர்ம் மேலதான் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் சென்சார் வயரும் போகும். பிராக்கெட் அதை நசுக்கக் கூடாது, உரசவும் கூடாது. அதுக்குத்தான் கேபிள் டை. செயின் கார்டைக் கழட்டிட்டுத்தான் ஹக்கர் உட்காரும்னா, அந்த ஹக்கர்லேயே செயின் கார்டு சேர்ந்திருக்கணும். இல்லைன்னா வேண்டாம்.

முதல்ல எல்லா போல்ட்டையும் கையால மட்டும் திருகி உட்கார வைங்க. சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி கையால சுத்திப் பாருங்க, எங்கேயும் உரசக் கூடாது. டயருக்கும் ஹக்கருக்கும் எல்லா இடத்துலேயும் ரெண்டு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். செயின் டைட் பண்ணும்போது சக்கரம் பின்னாடி நகரும், அதுக்கும் இடம் விடணும். நாளைக்கு மொத்தமான பட்டன் டயர் போடுற ஐடியா இருந்தா இன்னும் கொஞ்சம் கூடுதலா. களிமண் ரோட்டுக்குப் போற ஆளா இருந்தா இந்த இடைவெளிதான் ரொம்ப முக்கியம். கரிசல் மண்ணு ஒட்டிக்கிட்டு இறுகினா ஹக்கருக்குள்ள சிமெண்ட் மாதிரி அடைச்சு சக்கரத்தையே நிறுத்திடும். அந்த மாதிரி டிரிப்புக்குக் கழட்டி வச்சிட்டுப் போறதுதான் புத்திசாலித்தனம்.

எக்ஸ்டெண்டர்னா சோதனை வேற மாதிரி. அது ஸ்விங் ஆர்ம்ல இல்லை, வண்டியோட உடம்புல இருக்கு. சக்கரம் அதை நோக்கி மேல வரும். ஹிமாலயன் 450-ல பின் சஸ்பென்ஷன் பயணம் 200 மி.மீ. கடையில நிக்குற வண்டியில நிறைய இடைவெளி தெரியும், பள்ளத்துல விழும்போது அது காணாமப் போயிடும். ரெண்டு பேர் சீட்டுல உட்கார்ந்து நல்லா அமுக்கி, மூணாவது ஆள் குனிஞ்சு பார்க்கணும். அப்படிப் பார்த்தாலும் முழுப் பயணமும் அமுங்காது, அதனால தெரியுற இடைவெளியில தாராளமா மிச்சம் இருக்கணும்.

எல்லாம் சரியா இருந்தா, போல்ட்டை ஒவ்வொண்ணா எடுத்து ஒரு சொட்டு திரெட்லாக்கர் விட்டு முறுக்குங்க. எம்6 போல்ட்டுக்குப் பொதுவா 10 நியூட்டன் மீட்டர் பக்கம். பிளாஸ்டிக் மேல உட்கார்ற போல்ட்டுக்கு அதைவிடக் குறைவு. கிட்டோட வந்த தாள்ல வேற எண் இருந்தா அதுதான் கணக்கு. திரெட்லாக்கர் பிளாஸ்டிக் மேல படக் கூடாது, சில பிளாஸ்டிக் அதுல வெடிப்பு விட்டுடும்.

சட்டம் பத்தி ரெண்டு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்சியில இருக்கிற, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தத்துல வந்த பிரிவு 182ஏ-ல, ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாசம் வரைக்கும் சிறை. கூடுதலா ஒரு ஹக்கர் மாட்டுறதால ஆர்சியில எந்த விவரமும் மாறாதுங்கிறது என் வாசிப்பு. பிரச்சினை எங்கே வரும்னா, "டெய்ல் டைடி"ன்னு சொல்லி கம்பெனி மட்கார்டையே வெட்டி, நம்பர் பிளேட்டைச் சீட்டுக்கு அடியில மடக்கி வைக்கிறாங்களே, அங்கே. பேனியர் மாட்டணும்னு சாரி கார்டைக் கழட்டுறதும் அதே வகைதான். பின் சக்கரத்துல பாதிக்குக் குறையாம மூடுற பாதுகாப்பு இருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்லுது. பின்னாடி உட்கார்ற அம்மா, மனைவியோட சேலை, துப்பட்டாவுக்காக இருக்கிற விதி அது, போலீஸுக்காக இல்லை.

இனிமே என் ஏரியா. இன்சூரன்ஸ்.

என்கிட்ட ரிட்டர்ன் ஃபைல் பண்ற ஒரு தம்பி, வண்டி திருட்டுப் போய் க்ளெய்ம் போட்டான். பேனியர், லைட், கார்டு எல்லாம் சேர்த்து ரூ.58,000-க்கு மாட்டியிருந்தான். பில்லு எல்லாம் பத்திரமா வச்சிருந்தான். வந்தது பாலிசியில இருந்த ஐடிவி மட்டும்தான். அந்த ஐம்பத்தெட்டாயிரத்துக்கு ஒரு பைசா வரலை. கம்பெனி மேல தப்பு சொல்ல முடியாது. ஐடிவிங்கிறது தயாரிப்பாளரோட விற்பனை விலையில இருந்து தேய்மானம் கழிச்சுப் போடுறது. வெளியில மாட்டின பொருள் அதுல வராது. பாலிசி ஷெட்யூலை இப்பவே எடுத்துப் பாருங்க, "எலக்ட்ரிகல் ஆக்சசரீஸ்", "நான்-எலக்ட்ரிகல் ஆக்சசரீஸ்"னு ரெண்டு கட்டம் இருக்கும். பெரும்பாலும் சைபர். அவன் பாலிசியிலயும் அதுதான் இருந்தது. ரின்யூவல் அப்போ, இல்லைன்னா நடுவுல எண்டார்ஸ்மென்ட் போட்டு, மதிப்பைச் சேர்க்கலாம். பொருளோட விலையோட ஒப்பிட்டா கூடுற பிரீமியம் சின்னதுதான். ஹக்கர் ஒண்ணுக்காக இதைச் செய்யச் சொல்லலை. மொத்த ஆக்சசரீஸும் இருபது, முப்பதாயிரத்தைத் தாண்டினா கண்டிப்பா செய்யுங்க.

அதே சமயம், ஹக்கர் மட்டும் உடைஞ்சா க்ளெய்ம் போடாதீங்க. பாலிசியில சேர்த்திருந்தாலும் சரி. சாதாரண பாலிசியில பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம். ரூ.3,540-ல பாதி போக ரூ.1,770, அதுல கட்டாயப் பிடித்தம் ரூ.100 போனா கைக்கு ரூ.1,670. அதுக்குக் கொடுக்கிற விலை என்ன தெரியுமா? நோ க்ளெய்ம் போனஸ். இப்போ 35 சதவீதத்துல இருக்கீங்க, ஓன் டேமேஜ் பிரீமியம் வருஷாவருஷம் ரூ.2,500-னு வச்சுக்குவோம். அடுத்த ரின்யூவல்ல 45 சதவீதம் கிடைக்க வேண்டியது சைபராகும், ரூ.1,125 போச்சு. அதுக்கடுத்த வருஷம் 50-க்குப் பதிலா 20, ரூ.750. அதுக்கும் அடுத்து 50-க்குப் பதிலா 25, ரூ.625. மூணு வருஷத்துல ரூ.2,500 போய், வந்தது ரூ.1,670. (ஃபைபர்கிளாஸ் ஹக்கர்னா தேய்மானம் 30 சதவீதம்தான், கையில ரூ.2,378 வரும். அப்பவும் நஷ்டக் கணக்குதான்.)

மாட்டி முடிச்சு 100 கிலோமீட்டர் ஓடினதும் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை ஸ்பேனர் வச்சுப் பாருங்க, 500-ல இன்னொரு தடவை. கழட்டின பழைய போல்ட், வாஷர் எல்லாத்தையும் ஒரு ஜிப் கவர்ல போட்டு, பில்லோட போட்டோவை இன்சூரன்ஸ் பாலிசி இருக்கிற அதே ஃபோல்டர்ல வையுங்க. வண்டியை விற்கும்போது ஹக்கரைத் தனியா கழட்டி விற்க அந்த போல்ட் வேணும். செகண்ட் ஹேண்ட் வாங்குறவர் ஆக்சசரீஸுக்குன்னு தனியா காசு கொடுக்க மாட்டார்.