புதுக் காருக்கு எந்த எண்ணெய்?

சென்ற திங்கள் படப்பைக்கு அப்பாலுள்ள ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டுவிட்டு, வண்டலூர் திரும்புவதற்காகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். அச்சங்கத்து அங்கத்தினர் ஒருவர் தம் புதிய காரை நிறுத்தி, ஏறிக்கொள்ளுமாறு அழைத்தார். (அன்றைய பேருந்துக் கட்டணத்தை என் பயணப்படிப் பட்டியலில் எழுதவில்லை என்பதை வாசகர்கள் நம்பலாம்.) கார் வாங்கி ஓராண்டு நிறையப்போகிறது. முதிய தாயாரைத் தாம்பரத்துக்கு மருத்துவம் பார்க்க அழைத்துச் செல்லவும், நெய்த சேலைகளைக் கொண்டு சேர்க்கவும் உதவுமென்று, கைச் சேமிப்போடு கடனும் சேர்த்து வாங்கிய கார் அது. கடன் தவணை இன்னும் ஐந்தாண்டுக்கு மேல் நிற்கிறது.

பின் இருக்கையில் என் அருகே ஓர் எண்ணெய் டப்பா இருந்தது. அதன்மீது 20டபிள்யூ-50 என்று அச்சிட்டிருந்தது. முன் இருக்கையில் அமர்ந்திருந்த பெரியவர் அங்கத்தினரின் மாமனார். "ஆயில் மாற்றும் நாள் வந்துவிட்டது, ஐயா. கம்பெனிக்காரர்கள் ஊற்றுவது தண்ணீர் மாதிரி இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு அது எப்படித் தாங்கும்? கெட்டிச் சரக்காகப் பார்த்து நானே வாங்கி வந்தேன்" என்றார். அவர் சொல்லை எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். ஆயினும் ஐயம் தோன்றவே, காருடன் கொடுத்த கைப்புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். அது டேஷ்போர்டுப் பெட்டியில் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. பிரித்துப் பார்த்தால், அந்த எஞ்சினுக்கு உரிய எண்ணெய் 0டபிள்யூ-20 என்று கண்டிருந்தது.

வழிநெடுக நடந்த உரையாடலின் சாரத்தையே இங்கு எழுதுகிறேன். நம் அங்கத்தினர் பலர் இப்போது கார் வாங்குகின்றனர். கார் வாங்கும்போது நிறத்தைப் பற்றி ஒரு மாதம் ஆலோசிப்பவர்கள், எண்ணெயைப் பற்றி ஒரு நாழிகையும் ஆலோசிப்பதில்லை.

முதலில் பெரியவரின் கட்சியை எடுத்துக்கொள்வோம். ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் 1949 முதல் 1988 வரை மோட்டார் வண்டிகள் உருவாயின. 1961இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 948 கன சென்டிமீட்டர் எஞ்சின் கொண்ட சிறிய குடும்பக் கார். அன்றைய சென்னையில் அதைக் காணாத தெரு குறைவு. அக்காலத்து எஞ்சின்களில், சுழலும் உறுப்புக்கும் அதைத் தாங்கும் உறுப்புக்கும் நடுவே விடப்பட்ட இடைவெளி இன்றைய அளவைவிட அகலமானது. உழைக்க உழைக்க அது மேலும் அகலும். அந்த இடைவெளியில் எண்ணெய்ப் படலம் நிலைத்து நிற்க வேண்டுமானால் எண்ணெய் கெட்டியாக இருந்தாக வேண்டும். ஆகவே 30, 40 என்ற ஒற்றைத் தர எண்ணெய்களையும், பின்னர் 20டபிள்யூ-50 போன்றவற்றையும் ஊற்றினார்கள். அந்த எஞ்சினுக்கு அது சரியான வைத்தியமே. பெரியவர் தவறாகக் கற்கவில்லை; அவர் கற்ற எஞ்சின்தான் மாறிவிட்டது.

இன்றைய எஞ்சினின் இடைவெளிகள் நுண்மையானவை. எண்ணெய் செல்லும் வழிகளும் குறுகியவை. அன்றியும், எண்ணெய் இப்போது உராய்வைத் தணிப்பதோடு நிற்பதில்லை. வால்வுகள் திறக்கும் நேரத்தை வேகத்துக்கேற்ப முன்பின்னாக மாற்றும் பொறியமைப்பு, பல கார்களில் எண்ணெயின் அழுத்தத்தாலேயே இயங்குகிறது. எண்ணெய் கெட்டித்தால் அந்த அமைப்பு தாமதித்து வேலை செய்யும். பாவுக்குக் கஞ்சி போடும் நம் நெசவாளர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கஞ்சி கெட்டியாக இருந்தால் நூலுக்கு வலிமை மிகுமென்று எவரேனும் அடுப்பில் மேலும் சுண்டவைப்பாரா? பதம் தவறிய கஞ்சி இழையின் உள்ளே புகாது மேலேயே படிந்து நிற்கும், தறியிலேற்றினால் உதிரும்.

இனி, டப்பாவின் மேலுள்ள எண்கள். இவை அமெரிக்க மோட்டார் எஞ்சினீயர்கள் சங்கம் 1911இல் தொடங்கி, காலந்தோறும் திருத்திவரும் வரிசை. நூல் நம்பரோடு பழகியவர்கள் இங்கே சற்று ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நூலில் நம்பர் ஏற ஏற இழை மெல்லியதாகும். நூறாம் நம்பர் நாற்பதைவிட மெல்லியது. எண்ணெயில் அதற்கு மாறாக, எண் ஏற ஏற எண்ணெய் கெட்டியாகும்.

பின்னாலுள்ள எண், 100 பாகை வெப்பத்தில் எண்ணெய்க்குள்ள பாகுத்தன்மையைக் காட்டுவது. சென்டிஸ்டோக் என்னும் அலகில் அளந்தால், 20 என்னும் தரம் 6.9க்குக் குறையாமலும் 9.3ஐ எட்டாமலும் இருக்கும். 50 என்னும் தரம் 16.3 முதல் 21.9க்குள் இருக்கும். அதாவது, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னும் பெரியவர் வாங்கிய எண்ணெய், கைப்புத்தகம் கேட்ட எண்ணெயைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு கெட்டி.

"நம் ஊர் வெயில்" என்ற வாதம் இங்கேதான் நிற்காமற்போகிறது. சென்னையில் 2003 மே மாதத்தில் ஒரு நாள் வெப்பம் 45 பாகையை எட்டியது; அத்தகைய நாளே அபூர்வம். எஞ்சினுக்குள் எண்ணெயோ நாள்தோறும் 100 பாகையை ஒட்டி உழைக்கிறது. குளிரூட்டும் நீரின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் என்னும் கருவி 90 பாகையளவில் நிறுத்திவைப்பதால், உதகையில் ஓடினாலும் வண்டலூரில் ஓடினாலும் உள்ளே நிலைமை பெரிதும் ஒன்றே. வெயிலின் உக்கிரத்தை எண்ணெயைவிட ரேடியேட்டரே மிகுதியாகச் சுமக்கிறது. கோடையில் கவனிக்கவேண்டியது ரேடியேட்டர் நீரையும் அதன் விசிறியையும்.

முன்னாலுள்ள எண்ணோடு சேர்ந்த டபிள்யூ என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. 0டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்குக் கீழ் 35 பாகையிலும், 20டபிள்யூ எண்ணெயை 15 பாகையிலும் வைத்து, எஞ்சின் எளிதில் சுழல இடந்தருகிறதா என்று சோதிக்கின்றனர். மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைவதைத் தவிர வேறு குளிரறியாத நமக்கு இதனாலென்ன பயன் என்று அங்கத்தினர் கேட்டார். நியாயமான கேள்வி. இரவு முழுதும் நின்ற காரின் எஞ்சின், வெளியே 28 பாகை இருந்தாலும், தன் உழைப்பு வெப்பத்தோடு ஒப்பிட்டால் சில்லிட்டே இருக்கிறது. 40 பாகையில் அளந்தால்கூட 0டபிள்யூ-20 எண்ணெயின் பாகுத்தன்மை வழக்கமாக 40 முதல் 45 வரையே இருக்கும்; 20டபிள்யூ-50 எண்ணெயில் அது 150ஐயும் தாண்டிவிடும். காலையில் சாவி திருப்பியவுடன் எண்ணெய் அடித்தட்டிலிருந்து மேலேறி ஒவ்வொரு மூட்டையும் அடையும் வரை உலோகம் போதிய எண்ணெயின்றி உராய்கிறது. எஞ்சின் தேய்வின் பெரும்பகுதி இத்தகைய முதல் ஓட்டத்தில் நேருவது. மெல்லிய எண்ணெய் விரைந்து சென்றடைகிறது.

இதைப் படித்துவிட்டு, வீட்டிலுள்ள பழைய வண்டிக்கும் 0டபிள்யூ-20 ஊற்றலாமென்று எவரும் புறப்பட வேண்டா. கெட்டி எண்ணெய் கேட்கும் எஞ்சினுக்கு மெல்லியது ஊற்றினால் படலம் அறுந்து உலோகம் தேயும். இது முன்னதைவிடப் பெரிய தீங்கு. சில கைப்புத்தகங்கள் முதல் தரம் கிடைக்காவிடில் 5டபிள்யூ-30 போன்ற மற்றொன்றையும் அனுமதிக்கின்றன. அந்த அனுமதி உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. சங்கத்துக்குத் துணைவிதிகள் எப்படியோ, காருக்குக் கைப்புத்தகம் அப்படி. பக்கத்துச் சங்கத்தின் துணைவிதியைக் காட்டி நம் சங்கத்தில் கடன் வழங்க முடியாது.

எண்ணுக்கு அடுத்தது எழுத்து. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம், பெட்ரோல் எஞ்சின் எண்ணெய்க்கு எஸ் என்றும் டீசலுக்கு சி என்றும் தொடங்கும் ஈரெழுத்துத் தரங்களை வகுத்துள்ளது. பெட்ரோல் வரிசையில் எஸ்.என். 2010இலும், எஸ்.பி. 2020இலும், எஸ்.க்யூ. 2025இலும் வந்தவை. பொதுவாக, பின்வந்த எழுத்து முன்வந்ததன் வேலையையும் செய்யும். முன்னது பின்னதன் வேலையைச் செய்யாது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கு உட்பட்ட டீசல் காரானால் மேலும் ஒரு கவனம் வேண்டும். அதன் புகைக்குழாயில் கரியை வடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சாதாரண எண்ணெய் எரிந்தால் விடும் சாம்பல் அதில் அடைத்துக்கொண்டு, பிறகு எரிந்து நீங்காது. அவ்வகைக் கார்களுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெயே வேண்டும். தரப்பெயரைக் கைப்புத்தகத்தில் பார்த்து எழுத்துப் பிசகாமல் கேட்டு வாங்குக.

மீந்த கார் எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றும் சிக்கனமும் நம்மிடையே உண்டு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் அதே எண்ணெயில் ஊறி நிற்கிறது. கார் எண்ணெயிலுள்ள உராய்வு குறைக்கும் சரக்கு அந்தக் கிளட்சை வழுக்கச் செய்யும்.

'சிந்தெடிக்' என்ற சொல்லைக் கண்டு விலைக்கு அஞ்சுவோரும் உண்டு, அச்சொல்லில் மயங்குவோரும் உண்டு. 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய தரத்தைச் சாதாரணக் கனிம எண்ணெயால் எட்டுவது அரிது. ஆதலால் அத்தரத்தில் அநேகமாக அவ்வகையே கிடைக்கும். அப்பெயருடன் விற்பவற்றிலும் பெரும்பகுதி, கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திசெய்து பெறப்படுவதுதான். கைப்புத்தகம் கேட்ட எண்ணும் எழுத்தும் டப்பாவில் இருந்தால், அதற்குமேல் பொன்னிறக் காகிதத்துக்குக் காசு கொடுப்பது அவரவர் வசதி.

எண்ணெய் மாற்றும் காலம் பற்றியே அங்கத்தினருக்கும் எனக்கும் சிறிது வாதம் நிகழ்ந்தது. பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அது என்பதே கணக்கு. "ஆறாயிரந்தானே ஓடியிருக்கிறது" என்றார் அவர். ஆனால் எப்படி ஓடியிருக்கிறது? வீட்டிலிருந்து சங்கம் வரை ஒன்றரைக் கிலோமீட்டர். கடைத்தெரு இரண்டு கிலோமீட்டர். எஞ்சின் சூடேறுமுன்பே பயணம் முடிந்துவிடுகிறது. உள்ளே வடியும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக நேரமின்றி எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன. மாறாக, முகூர்த்த நாளில் பெருங்களத்தூரிலிருந்து கிளாம்பாக்கம் வரை ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்தால், எஞ்சின் ஒரு மணி நேரம் உழைக்கும். மீட்டரோ சில கிலோமீட்டரே காட்டும். குறும்பயணம், நெரிசல், தூசி ஆகிய இவற்றைக் கைப்புத்தகங்கள் கடும் உபயோகம் என்று தனியே குறித்து, தவணையைக் குறைக்கச் சொல்கின்றன. நம்மில் பலருடைய உபயோகம் அந்த வகுப்பைச் சேர்ந்ததே.

வெள்ளத்தைப் பற்றியும் இப்பகுதி மக்களுக்குச் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைச் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அப்பகுதித் தெருக்கள் மீண்டும் நீரில் நின்றன. கார் நீரில் நின்றிருந்தால், வடிந்த உடனே ஓடுகிறதா பார்ப்போமென்று சாவியைத் திருப்பிவிடாதீர்கள். எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால் அந்த ஒரு திருப்பலே அதன் தண்டுகளை வளைத்துவிடக்கூடும். பணிமனைக்கு இழுத்துச் சென்று பரிசோதிக்கச் செய்யுங்கள். அளவுகோலில் எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் தோன்றினால் நீர் கலந்துவிட்டதென்று பொருள். அதை முழுதும் வடித்து, வடிகட்டியையும் மாற்றாமல் எஞ்சினை இயக்கலாகாது.

எண்ணெய் கறுத்திருப்பது மட்டும் கேட்டின் அறிகுறி அன்று. அழுக்கைத் தன்னுள் ஏந்தி நிற்பது எண்ணெயின் வேலை. மாதம் ஒருமுறை சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து அளவுகோலைத் துடைத்துப் பாருங்கள். இரு குறிகளுக்கு நடுவே இருந்தால் போதும். மேற்குறிக்கு மேல் ஊற்றினால், சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். வடித்த எண்ணெயைக் கிணற்றோரத்திலோ வரப்பிலோ கொட்ட வேண்டா. கரையான் வராதென்று பந்தல் காலுக்குப் பூசுவதும் வேண்டா. பணிமனையே அதைச் சேர்த்து அனுப்ப வழியுண்டு.

எண்ணெயை நம்பகமான கடையிலோ, பெட்ரோல் பங்கிலோ, நம் கூட்டுறவுப் பண்டகசாலைகள் சில நடத்தும் பங்குகளிலோ, முத்திரை உடையாததாகப் பார்த்து ரசீதுடன் வாங்குக. உரிய தரமல்லாத எண்ணெயால் நேர்ந்த சேதத்துக்கு உத்தரவாதம் செல்லாது என்பது உத்தரவாதப் பத்திரங்களில் பொதுவாகக் காணும் நிபந்தனை. எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்த எண்ணெய் ஊற்றினோம் என்பதை ரசீதில்லாமல் எப்படி நிரூபிப்பது? வவுச்சர் இல்லாத செலவைத் தணிக்கையில் நான் ஒப்புவதில்லை. கார்க் கம்பெனி மட்டும் ஏன் ஒப்ப வேண்டும்?

அந்த 20டபிள்யூ-50 டப்பா என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பெரியவர் ரசீதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருந்தார். டப்பாவின் முத்திரையும் உடைபடவில்லை. மறுநாள் அதே கடையில் அதைத் திருப்பிக் கொடுத்து, விலை வித்தியாசத்தைச் செலுத்தி, 0டபிள்யூ-20 வாங்கிவிட்டதாகத் தொலைபேசியில் தெரிவித்தார். ஊற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தாராம். "இருந்தாலும் தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது, ஐயா" என்றார்.